மிச்சமெல்லாம் இல்லீங்க

தையல்காரிகள் யோசித்துப் பொய் சொல்வதில்லை. வாய் தானாகவே சொல்லிவிடும். "தைச்சாச்சுங்க, பட்டன் மட்டுந்தான் பாக்கி" என்போம். துணி அப்போது பையை விட்டே வெளியே வந்திருக்காது. "மிச்சத் துணி இருக்கா?" என்று கேட்டால் "மிச்சமெல்லாம் இல்லீங்க" என்போம், மேசைக்கடியில் ஒரு மூட்டையே கிடக்கும். பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் சந்தில், வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுப் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கிறேன். கவுன், பேபி சட்டை, பிரில் வைத்த தொப்பி, பூப்போட்ட கொலர் எல்லாம் தைப்பேன். பூ வேலைதான் என் கைக்கு நன்றாக வரும். அந்தப் பூக்களில் பாதி அடுத்தவர் மிச்சத் துணியில் வெட்டியவை என்று யாருக்கும் சொன்னதில்லை.

என் மகளே மிச்சத்தில் வளர்ந்தவள்தான். யாரோ ஒருத்தியின் கல்யாண பிளவுஸ் துண்டு அவள் சட்டைக்குக் கை ஆனது, இன்னொருத்தியின் லைனிங் அவளுக்குப் பெட்டிக்கோட் ஆனது. ஒரு சாண் துணிக்கு யார் வந்து வழக்குப் பேசப் போகிறார்கள்? அப்படித்தான் நினைத்திருந்தேன். அது வரைக்கும் என் கை ஒரு சாணைத் தாண்டியதும் இல்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவள். கூடவே ஒன்பது வயது மகள். வயிற்றில் ஐந்தோ ஆறோ மாதம் இருக்கும், மூச்சு வாங்கிக்கொண்டு என் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடை வீதியில் போர்டு மாட்டிய டெய்லர் கடைகள் எத்தனை இருக்கின்றன! அதையெல்லாம் தாண்டி இந்த ஏற்றத்தில் ஏன் ஏறி வந்தாள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் ஒரு தலையணை உறையை என் மேசையில் வைத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைச் சீலையை எடுத்தாள்.

"என் கல்யாணச் சீலைங்க. மகளுக்கு முதல் நன்மை வருது. இதையே கவுனா தைச்சுக் குடுங்க."

விரித்துப் பார்த்தேன். கரையெல்லாம், முந்தானையெல்லாம் முத்துப் பாசியில் பூ. கையால் போட்டது. நானும் பாசி வேலை செய்கிறவள், எனக்கே லேசாகப் பொறாமை வந்தது.

"யார் போட்டது?"

"நான்தாங்க. கல்யாணத்துக்கு முந்தி, மலையிலேருந்து வந்து லயத்து வாசல்ல ஒக்காந்து போட்டேன். எட்டு மாசமாச்சு." சிரித்தாள். பிறகு, "அக்காவுக்கு எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள்.

"நாங்க டவுன்தாங்க."

நமுனுகுலைத் தோட்டத்தில், எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள் நான். என் அம்மா விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் குடுத்து, கூடை சுமந்து என்னை வளர்த்தாள். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை. "தோட்டத்து ஆளுங்க உடுப்பா? நல்லா மினுங்கணுமே!" என்று சில பெண்கள் என் கடையில் நின்று கேலி செய்யும்போது நானும் கூடச் சிரித்திருக்கிறேன். கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும், அவர்களை அல்ல, என்னை.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்படிங்களா" என்றாள். பிறகு சீலையை என் பக்கம் தள்ளி, "மிச்சம் விழுந்தா பத்திரமா வைங்கக்கா" என்றாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு ஞானஸ்நானச் சட்டைக்கு ஆகும். பொறக்கிறதுக்கு முன்ன தைக்கக் கூடாதும்பாங்க. துணி மட்டும் இருக்கட்டும்."

வைக்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளையின் கவுனில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நெஞ்சுப் பக்கத்து யோக்கில் மூன்று வரிசை சுருக்கு வேலை, கைக்குப் பிரில், பாசிக் கரையைக் கிழிக்காமல் அப்படியே பாவாடை விளிம்பாகக் கொண்டுவந்தேன். எல்லாம் வெட்டி முடித்த பிறகும் முந்தானை முழுசாக இருந்தது, பூக்களோடு. அதை மடித்து, அவள் கொண்டுவந்த தலையணை உறைக்குள்ளேயே வைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவளுக்கு ஆறு வயது. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த முதல் நன்மைத் திருநாளில் பவனிக்கு முன்னால் பூத்தூவிப் போக அவளையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உறையை இழுத்துத் திறந்து முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். "அம்மா, இங்க பாருங்க, ஒரு பூவுல மட்டும் நீலக் கண்ணு!" என்றாள். எல்லாப் பூவுக்கும் நடுவில் வெள்ளைப் பாசி. ஒன்றே ஒன்றில் மட்டும் நீலப் பாசி. அவள் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

பிள்ளை மேல் பழியைப் போடவில்லை. அவள் கேட்கக்கூட இல்லை. நான்தான் டேப்பை எடுத்தேன்.

கவுனை வாங்கிப் போக அந்தப் பெண் வந்த அன்றைக்கு, தன் மகளுக்குப் போட்டுப் பார்த்து, பின்னால் நகர்ந்து நின்று, வாயில் கையை வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "அய்யோ, மாதா மாதிரியே இருக்கா!" என்றாள். எனக்கும் சந்தோஷந்தான். அப்புறம் கேட்டாள், "முந்தானை மிச்சமுங்களா அக்கா?"

"மிச்சமெல்லாம் இல்லீங்க. குறுக்கால வெட்டினா துணி சாப்புடும். பூ மேல கத்தரி போனா பாசியும் கொட்டிரும்."

வாய் கூசாமல் சொன்னேன். இத்தனை வருஷப் பழக்கம். அவள் தலையாட்டினாள். "பரவாயில்லீங்க. இவளுக்கு நல்லா வந்திருச்சுல்ல, அது போதும்" என்றாள். என் மகளின் கவுன் அப்போது உள்ளறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நெஞ்சில் நீலக் கண் பூவோடு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக் கோவிலிலேயே முதல் நன்மை கொடுப்பதுதான் வழக்கம். அதனால் இந்த இரண்டு கவுனும் ஒன்றையொன்று பார்க்காது என்று தைரியமாக இருந்தேன். அந்த வருஷம் காற்றில் அவர்களுடைய கோவில் தகரம் பறந்துவிட்டது. எல்லாரும் டவுன் கோவிலுக்கு வருவார்கள் என்று முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவித்தார்கள். எனக்கு முழுசாக ஒரு வாரம் இருந்தது. ஒரு பூத்தூவுகிற கவுன் தைக்க எனக்கு அரை நாள் போதும். வீட்டில் வேறு வெள்ளைத் துணியும் இருந்தது. ஆனால் மகள் தினமும் அந்த ஆணிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோவில் நிறைய வெள்ளையாகத்தானே இருக்கப் போகிறது, யார் கண்டுபிடிப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவு கெட்டவள். எட்டு மாசம் கண்ணால் எண்ணி எண்ணிக் கோத்தவளுக்குத் தெரியாமல் போகுமா?

பூசை முடிந்து முற்றத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்தில் ஒதுங்கி, மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். "அக்கா!" என்று பின்னால் குரல் கேட்டது. அந்தப் பெண்தான். நிறைமாத வயிற்றோடு, சந்தோஷமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள் என்று இப்போதும் நம்புகிறேன். என் மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது. பிறகு இல்லை.

என் மகளுக்கு எதுவும் தெரியாது அல்லவா. யாராவது தன் கவுனைப் பார்த்தால் அவளுக்குக் கொண்டாட்டம். நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள். "ஆன்டி, இந்தப் பூவுல மட்டும் நீலப் பாசி இருக்கு பாருங்க."

"தெரியும் கண்ணு" என்றாள் அவள். குனிய முடியாமல் குனிந்து அந்தப் பாசியை ஒரு விரலால் தொட்டாள். "வெள்ளைப் பாசி ஒண்ணு கொறைஞ்சு போச்சு. எங்கம்மாவோட அறுந்த செபமாலையிலேருந்து ஒண்ணு எடுத்து நான்தான் போட்டேன்."

"இல்லையே. இது எங்கம்மா தைச்சது!"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால், முதல் நன்மைப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாமார், சிஸ்டர்மார் எல்லார் முன்னாலும் அவள் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவள் இடத்தில் நான் இருந்தால் கேட்டிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியும், முற்றம் இரண்டுபட்டிருக்கும். அவள் மறுபடியும் என் மகளைப் பார்த்து, "ஆமா கண்ணு, அம்மாதான் தைச்சாங்க. ரொம்ப அழகா இருக்கு" என்றாள். தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

திரீவீலரில் வரும்போது மகள் விடவில்லை. "அந்த ஆன்டி ஏன் பொய் சொன்னாங்க? அவங்க போட்டதாமே!" என்றாள். "வாயை மூடு!" என்று கத்தினேன். திரீவீலர்க்காரரே திரும்பிப் பார்த்தார். பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அந்த நீலப் பாசியைக் கையால் மூடிக்கொண்டாள். பொய் சொன்னது யார் என்று அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் தேங்காய் துருவினேன்.

அந்த வாரமே கவுனைப் பிரித்தேன். பிரிப்பது என் தொழிலில் சின்ன வேலை, பிளேடு நுனியால் நூலைச் சுண்டினால் வந்துவிடும். அன்றைக்கு இரண்டு தரம் விரலைக் கீறிக்கொண்டேன். துணியில் இரத்தம் படாமல் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா பிரிக்கிறீங்க?" என்று அழுதாள். "இது அந்த ஆன்டியோடது. தெரியாம எடுத்துட்டேன்" என்றேன். தெரியாமலாம்! பிள்ளையிடம்கூட முழு உண்மை வரவில்லை எனக்கு. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ குடுத்துருங்கம்மா" என்றாள்.

வெட்டினதை மறுபடி ஒட்ட முடியாது. பூக்கள் இருந்த துண்டுகளை மட்டும் அலசி, தேய்த்து, மெல்லிய தாளில் சுற்றி மெஷின் லாச்சிக்குள் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மழை என்றேன். பள்ளிக்கூட உடுப்பு ஓடர் என்றேன். மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது என்றேன். ஸ்பிரிங்வெளி பஸ் என் சந்து முனையில்தான் நிற்கும். கண்டக்டர் ஊர் பேரைக் கூவுவது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் மிதியை வேகமாக மிதிப்பேன்.

மூன்று மாதம் கழித்து அவளே வந்தாள். தோளில் கைக்குழந்தை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. பையிலிருந்து புதிதாக வாங்கின வெள்ளை மல் துணியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஞானஸ்நானச் சட்டைக்குங்க. மிச்சம் விழாது. அளந்துதான் வாங்கினேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. லாச்சியைத் திறந்து தாளைப் பிரித்து அந்தத் துண்டுகளை அவள் முன்னால் வைத்தேன். நீலப் பாசிப் பூ மேலே இருந்தது.

"மிச்சம் இருந்துச்சுங்க" என்றேன். "நான் பொய் சொன்னேன். இருந்துச்சு. நான் எடுத்துக்கிட்டேன்."

"தெரியுங்க."

"டவுன்னு சொன்னதும் பொய்தான். நான் நமுனுகுல லயத்துல பொறந்தவ."

அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். நீலப் பாசிப் பூவை மட்டும் மல் துணி மேல் விட்டுவிட்டு, "இதைச் சட்டையில வச்சுத் தைச்சிருங்க" என்றாள்.

நான் டேப்பை எடுத்துக் குழந்தையின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தேன். எண்ணைப் பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. மறுபடியும் பிடித்தேன்.

"அதுவும் தெரியுங்க அக்கா" என்றாள் அவள். "எங்க சின்னம்மாவுக்கு நமுனுகுலதான். நம்ம லயத்துப் புள்ள ஒண்ணு டவுன்ல தைக்குது, கல்யாணச் சீலைய வேற யாருக்கிட்டயும் குடுத்துறாதேன்னு அவங்கதான் என்னை ஒங்கக்கிட்ட அனுப்பினாங்க."