கப்பல் ஏறினால்தான் பந்து

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மலாயாவில் ரப்பர் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் இரண்டு வருடம் கால்பந்து பழக்கிவிட்டு வந்தவன் நான். இன்று காலை அன்னவாசல் பஸ்ஸில் நம் பள்ளிக் கமிட்டித் தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடல் தாண்டிப் போயி ஏழைப் புள்ளைங்களுக்குச் சேவை செஞ்சிருக்கீங்க சார். ஞாயித்துக்கெழமை ஒங்களுக்குச் சால்வை போத்துறோம்."

"சால்வை வேண்டாங்க. சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தைக் குடுங்க. நம்ம சேரிப் புள்ளைங்களுக்கும் பழக்கித் தாரேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்கிட்டு செய்யிறது வேற சார். இங்கிட்டு அதுங்க உள்ள வந்தா, மத்த வீட்டுப் புள்ளைங்க வருமா?"

"அங்க நான் பழக்குன புள்ளைங்களோட தாத்தனுங்க இதே சேரியிலேருந்து கப்பல் ஏறுனவங்கதாங்க."

"அதான் ஏறிட்டாங்கல்ல? அப்புறமென்ன!"

பஸ்ஸே சிரித்தது.

கொண்டுவந்த பந்து என் பெட்டிக்குள் காற்றிறங்கிக் கிடக்கிறது.

இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். மறுப்பவர்கள் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

என் பழைய டிரில் மாஸ்டர் வேலை திரும்பக் கிடைப்பது தலைவர் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சால்வைக்குக் கழுத்தை நீட்டத்தான் போகிறேன். அதனால் இதில் பெயர் போடவில்லை.