இருமல் நின்றாலும்

ஒலிபெருக்கியை ஆட்டோவின் மேல் கயிறு போட்டுத்தான் கட்டியிருந்தோம். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது ஒருபக்கமாகச் சாயும். சூப்பர்வைசர் சார் கையை வெளியே நீட்டி அதைப் பிடித்துக்கொண்டே வருவார். ஆந்திராவில் ஏர்பேட்டுக்கு அப்பால் ஒரு சுகாதார நிலையத்தில் அவர் காசநோய்த் தடுப்பைக் கவனித்தார்; நான் லேப் டெக்னீஷியன். அவர் தெலுங்குக்காரர். நான் கங்காதர நெல்லூர்ப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பெண். ‘தக்கு தக்கினா மந்துலு மானகண்டி’ என்று அவரே பேசிப் பதிவுசெய்த குரல் தெருத்தெருவாகப் போகும். இருமல் குறைந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று அர்த்தம்.

தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அங்கே வரிசை வீடுகளில் இருந்தார்கள். அதில் ஒரு வெல்டர். எங்களிடம் மாத்திரை வாங்கி நன்றாகத் தேறியவர், சில மாதம் கழித்து ரத்தமாகத் துப்பிக்கொண்டு வந்தார். பாதியில் ஏன் விட்டீர்கள் என்று கேட்கப் போனோம். அவர் மனைவிக்குக் கோபம்.

“இருமல் கொறஞ்சா நிறுத்திடுன்னு நீங்கதான சார் ஆட்டோல சொல்லிக்கினு போனீங்க? சொன்னபடிதான செஞ்சோம்.”

சாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. தெலுங்கில் ‘தக்கினா’ என்றால் குறைந்தாலும். வந்தா, போனா என்று பேசும் தமிழ்க் காதில் அது குறைந்தால் என்றுதான் விழும். ‘மானண்டி’ என்றால் விடுங்கள் என்று தெரிந்தவர்களுக்கு, நடுவில் ஒரு ‘க’ சேர்ந்து ‘மானகண்டி’ ஆனால் விடாதீர்கள் என்று தெரியவில்லை. திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். வண்டியை நிறுத்தச் சொல்லி வெயிலில் இறங்கினார்.

“நா கொந்தே கதம்மா” என்றார். என் குரல்தானே அம்மா.

வெல்டர் பிழைக்கவில்லை. மனைவிக்கும் நோய் இருந்தது. சளியைச் சோதித்தவள் நான்தான். தமிழிலும் பதிவு வேண்டும் என்று சார் மேலிடத்தில் கேட்டார். அந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெலுங்கு வருமே என்றார்கள். என் குரலில் நாங்களே பதிவுசெய்து ஆட்டோவை அனுப்பினோம். நாற்சந்தியில் ஒருவர் மறித்து, “இதேமன்னா தமிழ்நாடா?” என்று கேட்டார். இதென்ன தமிழ்நாடா என்று. புகார் போய், அதுவும் நின்றது.

அதன்பின் சார் தினமும் காலையில் வெல்டர் மனைவியின் வீட்டுக்கு நடந்தார். வலிக்கும் முழங்காலோடு வாசலில் நின்று, “நின்னாலும் துன்னணும்மா, நின்னாலும்” என்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவர் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த அம்மா சிரிக்கமாட்டார். சாரின் முகத்தைப் பார்க்காமலே மாத்திரையை விழுங்கிவிட்டு உள்ளே போய்விடுவார். கடைசி நாள்வரைக்கும் அப்படித்தான். குணமாகி ஊருக்குக் கிளம்பியபோது சாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

சார் ஓய்வுபெற்றுச் சித்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த வரிசை வீடுகளில் இப்போது ஒடிசாக்காரர்கள். எனக்கு அவர்கள் பேச்சு ஒரு வார்த்தையும் வராது. போன வாரம் ஓர் இளம்பெண்ணுக்கு மாத்திரை கொடுத்து, கைச்சாடையிலும் அரைகுறை இந்தியிலும் எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டினால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. இருமிக் காட்டி, இருமல் நின்றதுபோல மார்பைத் தடவிக் காட்டி, அப்புறம் என்ன செய்வாய் என்று சைகையில் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே மாத்திரை அட்டையைத் தூர வைத்தாள்.

களைப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்தேன். அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, மறுபடி இருமிக் காட்டினேன்.