மச்சான் கடைந்த அக்ரிலிக் தூண்கள்

அக்ரிலிக் உருளையை லேத்தில் கடையும்போது சீவல் அறுந்துபோகாமல் நாடாவைப் போல நீளமாக வரவேண்டும். பொடியாக உதிர்ந்தாலோ, இளகிப்போய் கட்டரின் நுனியில் ஒட்டிக்கொண்டாலோ எங்கோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். என் அக்கா கணவர் தஞ்சாவூர் கீழவாசலில் லேத் பட்டறை வைத்திருந்தார். பக்கத்துக் கடையில் என் எஸ்.டி.டி. பூத். ஈ ஓட்டும் நேரமெல்லாம் நான் மச்சான் பட்டறையில்தான் நிற்பேன். வெள்ளை நாடா சுருண்டு சுருண்டு தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு லேசாகிவிடும். மனசு லேசாக வேறு வழியும் அப்போது எங்கள் வீட்டில் இல்லை.

சார்ஜாவில் விளம்பரப் பலகை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவர் மச்சான். பெட்டியில் எல்லாரும் சென்டும் சேலையும் கொண்டுவருவார்கள். இவர் கார்பைடு கட்டர்களைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அக்கா முகம் போன போக்கை நாங்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம். ஆனால் வந்த நேரம் சரியில்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷம் அது. நெல் இல்லை, ரைஸ் மில் ஓடவில்லை, மில்லுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து பிழைக்கும் லேத்துக்கு மட்டும் வேலை எங்கிருந்து வரும்? மறுபடியும் அதே கம்பெனியில் விசா வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து புருஷனோடு சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் இருந்தறியாதவள் என் அக்கா. விசா வந்த அன்று அவள் உலை வைக்கவே இல்லை.

அப்போதுதான் புதிதாகத் திறக்கவிருந்த நகைக்கடை ஒன்றிலிருந்து ஆள் வந்தது. மாடிப்படிக்குக் கண்ணாடி போன்ற தூண்கள் வேண்டும், பம்பாயிலிருந்து உருளை தருவித்துத் தருகிறோம், கடைந்து தர முடியுமா என்றார்கள். இது சரியாக அமைந்தால் மேல்தளம் முழுக்க அவர் வேலைதான் என்றும் சொன்னார்கள். மச்சான் அக்காவிடம், "இது மட்டும் நல்லபடியா முடியட்டும், விசாவைக் கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார். அக்கா அதை நம்பினாள். நானும் நம்பினேன்.

அப்படி ஒரு பதனத்தோடு அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. இரும்பு என்றால் மழுங்கின கட்டரை வைத்தும் ஒப்பேற்றிவிடலாம், அக்ரிலிக் விடாது. நுனியைத் தீட்டித் தீட்டி நகத்தில் வைத்துப் பார்ப்பார். சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீவுவார். கடைந்து முடித்த தூண் பால்போல மங்கலாக இருக்கும். அக்கா அதைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, மறுபக்கம் தெரியும்படி ஆக்குவாள். வேலை செய்துகொண்டே இருவரும் பேசிய பேச்சில் பாதி சண்டை, மீதி சிரிப்பு.

தூண்களைக் கொண்டுபோகும் நாளில் மச்சான் வண்டி பேசப் போயிருந்தார். பாலிஷ் பிசுக்கும் கைரேகையும் அங்கங்கே இருப்பதைப் பார்த்த அக்கா, தின்னரில் நனைத்த வேஸ்ட் துணியால் எல்லாவற்றையும் ஒரு முறை துடைத்துவைத்தாள். லேத்துக்காரன் வீட்டில் யாரும் அதற்கு யோசிக்க மாட்டார்கள். கடைந்த சாமான் எதுவானாலும் தின்னரில் துடைத்துத்தானே கொடுப்பது வழக்கம். அது இரும்புக்கும் பித்தளைக்கும் சரி. கடைந்த அக்ரிலிக்கின் உள்ளே ஓர் இறுக்கம் நிற்கும், சார்ஜாவில் அதை அடுப்பில் வைத்துத் தணிப்பார்கள், இங்கே அதற்கு வசதி இல்லை, அதன்மேல் தின்னர் பட்டால் தாங்காது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

மச்சானும் நானும் வண்டியோடு வந்தபோது, தூண்களுக்குள் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிகமாகியது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. மச்சான் குனிந்து முகர்ந்து பார்த்தார். கீழே கிடந்த வேஸ்ட் துணியை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அக்கா உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"கட்டர் மழுங்கியிருக்கு, நான் கவனிக்கலை. கடையும்போதே சூடேறிப்போச்சு" என்றார் அவளிடம்.

அக்கா ஒரு தூணைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நகைக்கடை வேலை கைவிட்டுப் போயிற்று. திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பும்போது மச்சான் என்னைத் தனியே அழைத்தார். "மாப்ள, தின்னர் விஷயம் உங்க அக்காவுக்குத் தெரியவே கூடாது. தன் கையாலயே என்னை அனுப்பிவச்சோம்னு நெனைச்சு நெனைச்சே செத்துருவா." நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர் என் பூத்துக்குப் போன் செய்வார். அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசுவாள். பிள்ளைகள் படிப்பு, மழை, யார் வீட்டுக் கல்யாணம், இவைதான் பேச்சு. லீவில் வந்தார், போனார், மறுபடி வந்தார், போனார். லேத் கைமாறியது. பிறகு செல்போன் வந்து என் பூத்தும் போனது. ஒரு நாள் அங்கிருந்து அவருடைய கூட்டாளி ஒருவர் பேசினார். வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்தார்கள். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை.

புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா அக்காவுக்கு முடிந்தபின் ஒரு மதியம் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நகைக்கடை வேலை மட்டும் அமைந்திருந்தால் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். மச்சான்மேல் தப்பில்லை, கட்டர் செய்த வேலை என்று பழைய பொய்யையே திருப்பிச் சொன்னேன்.

"கட்டர் இல்ல தம்பி, தின்னர்" என்றாள் அக்கா. "அவங்க சார்ஜாவுக்குப் போன மறுநாளே பட்டறையில கெடந்த வெட்டுத்துண்டை எடுத்துத் தொடைச்சுப் பாத்தேன். அதுவும் அப்படியேதான் வெடிச்சுச்சு."

இத்தனை வருஷம் அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்காகத்தானே பழியத் தூக்கிப் போட்டுக்கிட்டாங்க. அதைப் போன்ல கேக்க முடியுமா? லீவுல வந்தப்பவும் கேக்க மனசு வரல. ஒரேயடியா வரட்டும், அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன்."