அம்மா நிரப்பி வைத்த குடங்கள்

என் தங்கை ஒரு மலைக்காரனைக் கட்டிக்கொண்டு போனதற்கு நான்தான் காரணம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்தில் நான் போட்டிருக்கும் இட்லிக் கடைக்குத்தான் அவன் சாப்பிட வருவான். லாரியில் கம்பி ஏற்றி இறக்குகிற வேலை. எனக்கு ஒத்தாசைக்கு வந்த தங்கை அவன் தட்டில் மட்டும் சட்னியைத் தாராளமாக ஊற்றியிருக்கிறாள். அதை நான் பார்க்கவில்லையாம். அடுப்பைப் பார்ப்பேனா, அவள் கரண்டியைப் பார்ப்பேனா?

கல்யாணம் முடிந்து மலைக்குப் போனவள் திரும்ப இறங்கவே இல்லை. எல்லாம் காற்று செய்த வேலை. காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தவரைக்கும் அவளுக்கு வீசிங். அனல்மின் நிலையத்துப் புகை கீழே இறங்குகிற நாட்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். மலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே இன்ஹேலரைத் தொடுவதை விட்டுவிட்டாள். அதனால் மாசமானதும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். அங்கே வந்தால் மூச்சு வாங்குவதற்கே நேரம் சரியாக இருக்கும், பிள்ளையை எப்போது பெறுவது என்று கேட்டாள். வளைகாப்புக்கும் வரவில்லை. ஒன்பதாம் மாசம் தொடங்கியதும் அம்மா இறால் விற்கிற கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். கையோடு கூட்டி வந்துவிடுவது என்று தீர்மானம். துணைக்கு நான், ஒரு பை நிறைய கருவாடு.

ஜீப் ஒரு புளியமரத்தடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ரோடு கிடையாது, பாறையும் வேரும்தான். காலையில் ஏற ஆரம்பித்தால் உச்சி வெயிலுக்கு ஊர் வரும். எனக்கு முட்டி கழன்றுவிட்டது. அம்மா வழி நெடுக அந்த மலையை, மாப்பிள்ளையை, என்னை, என் சட்னியை எல்லாம் திட்டிக்கொண்டே ஏறினாள்.

ஊர் என்னவோ அழகுதான். மண் சுவர், புல் கூரை, சில கூரைகளில் சோலார் தகடு. அந்த பல்பு சாப்பிட்டு முடிக்கிறவரை எரியும், பிறகு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விடும். போன் பேச ஆட்டுப் பட்டிக்கு மேலே உள்ள பாறையில் ஏறிக் கத்த வேண்டும். அதனால் யார் வீட்டு விஷயமும் ஊரில் ரகசியமில்லை. ரேஷன் அரிசியைத் தலையில் சுமந்து ஏற்றுகிறார்கள். கீழேயிருந்து வந்து பார்க்கிற நர்சம்மா நல்ல மனுஷி, ஆனால் மழை பிடித்தால் ஓடையைத் தாண்டி வர முடியாது. எங்களுக்குச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள், கூடவே தேன். எங்கள் கருவாட்டை முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தார்கள். மறுநாள் இன்னும் இருக்கிறதா என்று வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அம்மாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, தண்ணீர். ஊருக்கு மேலே ஒரு சுனை. மூங்கிலைப் பிளந்து வைத்திருக்கிறார்கள், அதில் இரவு பகலாகத் தண்ணீர் கொட்டுகிறது. வரிசை இல்லை, டோக்கன் இல்லை, சண்டை இல்லை. காலமெல்லாம் லாரித் தண்ணீருக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிய பொம்பளை அதைப் பார்த்துவிட்டுத் தூங்குவாளா? விடிந்ததும் எழுந்து வீட்டில் இருந்த குடம், அண்டா, சொம்பு, பால் தூக்கு வரைக்கும் நிரப்பினாள். பக்கத்து வீட்டு வாசலில் காலியாகக் கிடந்த குடங்களையும் விடவில்லை. எல்லாவற்றையும் வாசலில் வரிசையாக வைத்தாள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம்.

அந்த ஊரில் இதற்கு வேறு அர்த்தம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே யாரும் தண்ணீரைச் சேர்த்து வைப்பதில்லை, வேண்டும்போது ஒரு குடம் எடுப்பார்கள். வாசலில் வரிசையாகக் குடங்கள் நிறைந்து நின்றால் அது சாவு வீடு. பிணத்தைக் குளிப்பாட்டுவதற்காக ஊரார் பாத்திரத்தையெல்லாம் வாங்கி நிரப்பி வைப்பது வழக்கமாம்.

எதிர்ச் சரிவில் சாமைக் காட்டில் இருந்தவர்கள் குடங்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒன்பது மாசப் பெண் ஒருத்தி இருப்பது ஊருக்கே தெரியும். போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். நான்கு ஆண்கள் நீளமான மூங்கில் கழியும் கம்பளியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து இடுப்பில் இன்னொரு குடத்தோடு இறங்கி வந்த அம்மா, வாசலில் கூட்டத்தைப் பார்த்தாள். தண்ணீர்ச் சண்டை என்று முடிவு கட்டிவிட்டாள்.

"இன்னா? நான்தான் மொதல்ல வந்தேன். வோணும்னா பின்னால லைன்ல நில்லுங்க" என்றாள்.

அழுகை அப்படியே நின்றுவிட்டது. சத்தம் கேட்டுத் தங்கை தூக்கக் கலக்கத்தோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டுப் பட்டியிலிருந்து ஓடி வந்த அவள் மாமியார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் ஊரே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கழி தூக்கி வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கழியில கம்பளியக் கட்டித்தான் எம் பொண்ண எறக்கினோம் கண்ணு. தலப்பிரசவம். பாதி வழியில பேச்சு நின்னுபோச்சு" என்றார். "அதே கம்பளியிலதான் திரும்ப ஏத்தினோம்."

மாசமாக இருக்கிறவளிடம் இதைச் சொல்லக்கூடாது என்று ஊரே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. புருஷன்காரன் உள்பட. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

தங்கை கொஞ்ச நேரம் அந்தக் கழியைப் பார்த்தாள். பிறகு, "அம்மா, போலாம்" என்றாள்.

இரண்டு நாளாக இதற்காகவே தொண்டை கிழியக் கத்திய அம்மா உடனே தலையாட்டியிருக்க வேண்டும். இல்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வூட்டுக்கு வோணாம்மா. அந்தப் புகை ஒனக்கு ஆவாது. கீழ ஆஸ்பத்திரியாண்ட ஒரு ரூம் பாத்துக்கினு நானும் கூடவே கீறேன்" என்றாள். கடலை விட்டு ஒரு வாரம்கூடத் தள்ளி இருந்தறியாத பொம்பளை. எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

வந்தவர்கள் வந்தபடியே கிளம்பினார்கள். கழியில் கம்பளியைக் கட்டித் தங்கையை உட்கார வைத்தார்கள். ஆண்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். செங்குத்தான இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார்கள். மாமியார் கம்பளியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வழி முழுக்க அவளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தார். ஆட்டுக்கு என்ன பெயர் வைக்கலாம், கருவாட்டை எப்படிச் சமைப்பது, கடல் எவ்வளவு பெரிசு. தங்கை பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி. அவள் கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், தட்டி எழுப்பிவிடுவார்.

குழந்தை அடுத்த மாசம் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. பெண். இப்போது மலையில் ஆடுகளோடு சரிக்குச் சரியாக மல்லுக்கு நிற்கிறாள். ஆனால் என் மனசில் நிற்பது புளியமரத்தடிதான்.

அன்றைக்கு அங்கே கழியை இறக்கி வைத்தார்கள். பாறையில் ஏறிக் கத்தி வரச்சொன்ன ஜீப் காத்திருந்தது. தங்கை அசதியில் பேசாமல் சாய்ந்திருந்தாள். மாமியார் குனிந்து, "ஏதாவது பேசு கண்ணு" என்றார்.

"இன்னா பேசறது அத்தை, பசிக்குது. இங்க பரோட்டா கெடைக்குமா?"

அந்த அம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.