மெற்றில்டாவின் வாசல்மணி

"கோப்பிக் கலர், கறுப்பு, ஒரேஞ்ச்." மெற்றில்டா ரெசிஸ்டரை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதன் நிறவளையங்களை வாய்விட்டுப் படிக்கிறார். இரண்டு தரம். துணியை அளந்தாலும் அப்படித்தான். பிறகே அது துளைப்பலகையில் இறங்கும்.

கொட்டாஞ்சேனையில் எனக்குப் பக்கத்து வீடு. வேலை வெள்ளவத்தைத் தையற்கடையில். பத்து வருடம் பொத்தான் தைத்த பிறகுதான் வெட்டும் மேசை அவர் கைக்கு வந்தது. இப்போது அந்த மேசைக்கே ஆபத்து. கணவர் புஷ்பராஜ் ஒருகொடவத்தைக் கொள்கலன் யாட்டில் இருபத்தாறு வருடம் இரும்புச் சத்தத்துக்குள் நின்றவர். பஸ் ஹோர்ன் கேட்கும். வாசல்மணியின் கீச்சு கேட்காது. போன மாதம் மெற்றில்டாவின் தங்கை ரொஷேல் முக்கால் மணித்தியாலம் மணியடித்துப் பார்த்து, பயந்துபோய்ப் பூட்டை உடைப்பித்தாள். உள்ளே அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ரொஷேலுக்கு ஒரே பேச்சு: "வேலைய விட்டுட்டு மனுசனோட இரேன் அக்கா."

"கதவு திறக்கிறதுக்கு நான் வீட்டில இருக்கோணுமா?" என்று என்னிடம் கேட்டார் மெற்றில்டா. "மணியத்தான் மாத்தோணும்."

மருதானையில் எலெக்ட்ரோனிக் சாமான் விற்கும் ஜவாத்துக்கு இது விளங்கவில்லை. "ரெடிமேட் பெல் ஈக்கிதானே அக்கா, ஏன் இந்தக் கரச்சல்?"

"அது எனக்குக் கேக்குது தம்பி. எனக்கா பெல்?"

ஜவாத் எட்டுக்கால் ஐசி ஒன்றும், சின்ன ஸ்பீக்கரும், ஒலியின் சுருதியை ஏற்றி இறக்கத் திருகும் நொப்பும் தந்தார். இணைப்பைத் துண்டுக் காகிதத்தில் கீறிக் காட்டினார்.

நான்கு நாள் சத்தமே இல்லை. தையல் ஓட்டுவதைப் போல, ரெசிஸ்டரின் இரண்டு காலையும் ஒரே வரிசையில் நேராக இறக்கியிருந்தார் மெற்றில்டா. அந்தப் பலகையில் ஒரு வரிசையின் ஐந்து துளைகளும் அடியில் ஏற்கெனவே இணைந்தவை. மின்சாரம் ரெசிஸ்டருக்குள் போகாமலே கடந்துவிடும். படத்தைப் போனில் பார்த்த ஜவாத், "அக்கா, அது துணியில்லயே!" என்று சிரித்தார்.

பிழையாக இறங்கிய காலை மட்டும் மாற்றியிருக்கலாம். மெற்றில்டா முழுவதையும் பிரித்தார். "ஒரு இடம் கோணினா முழுக்கப் பிரிக்கோணும். ஒட்டுப்போட்டா அது காட்டிக் குடுக்கும்."

ஐந்தாம் நாள் கீச்சென்று ஒன்று கிளம்பியது. மேல்மாடி நாய் குரைத்தது. புஷ்பராஜ் அசையவில்லை. நொப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்ப, ஒலி இறங்கித் தடித்தது. புஷ்பராஜ் கை தூக்கினார்.

மெற்றில்டா நம்பவில்லை. "என்ர முகத்தப் பாத்துத் தூக்கிறார். கள்ளன்."

நேற்றுப் பின்னேரம் சுவிட்சின் வயரை வெளியே இழுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, கதவைச் சாத்தினார். அழுத்தினார். உள்ளே எருமை முக்குவது போலொரு சத்தம். செருப்புகள் நெருங்கின. கதவு திறந்தது, வாயெல்லாம் பல்லாக நின்றார் புஷ்பராஜ்.

மெற்றில்டா உள்ளே போகவில்லை. கதவை அவர் கையிலிருந்து இழுத்துச் சாத்தினார். செருப்புகள் கதிரைக்குத் திரும்பும்வரை காத்திருந்து, மறுபடி அழுத்தினார்.