பெரியம்மா தூக்கி எறிந்த தழை

பூந்திக்கொட்டை மரத்தடியைப் பெருக்கி, நடுவில் ஒரு தழையை வைத்து மேலே கல்லைத் தூக்கி வைத்துவிட்டால், அந்தப் பருவம் முழுக்க அங்கே விழும் கொட்டை வைத்தவளுக்குத்தான். பென்னாகரத்துக்கு மேற்கே எங்கள் காட்டில் அதுதான் வழக்கம். ஆளுக்கொரு தழை உண்டு. அம்மாவுக்கு நுணா, பெரியம்மாவுக்கு ஆவாரை. அடுத்தவள் தழை வைத்த இடத்தில் குனிந்தவளைப் பெண்கள் அதற்குப் பிறகு காட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். யானை நடமாடும் காட்டுக்குள் தனியாக எவள் போவாள்?

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டும். அந்த வருடம் ஓடைக்கரையில் காய்த்துத் தொங்கிய பெரிய மரத்தை அம்மா முந்திக்கொண்டு பெருக்கிவிட்டாள். அது பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறி வந்தால், பெரியம்மா கல்லைப் புரட்டி, நுணாத் தழையைப் புதருக்குள் வீசிவிட்டு ஆவாரையைச் செருகிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் துளிகூடப் பதறவில்லை, மகராசி. "என்னடி பாக்கற? வாயத் தொறந்தீனா, ஒங்கம்மாவும் நீயும் சேந்து கதை கட்டறீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிருவேன்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா தழையைப் பார்க்காமலேயே பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். தான் பெருக்கிய இடத்தில் தன் தழையை யார் சரிபார்ப்பார்கள்? அரைச் சாக்கு நிறைந்தபோது பெரியம்மா ஏழெட்டுப் பெண்களோடு வந்து நின்றாள். "தழை யாருதுன்னு நீங்களே பாருங்க. நான் ஒன்னுஞ் சொல்லல." அம்மா கல்லைப் பார்த்தாள், ஆவாரையைப் பார்த்தாள். "ஐயோ, சாமி சத்தியமா நாந்தான் பெருக்குனேங்க!" என்று அழுதாள். சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்குக் காடு போயிற்று. 'அடுத்தவ தழையில பொறுக்குனவ' என்ற பட்டம் மட்டும் என் கல்யாணப் பந்தல் வரை கூடவே வந்தது.

போன மாதம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தாள். பெரியம்மா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் இருந்தார்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அம்மாவின் கையைத் தடவி, "பழசயெல்லாம் நான் மனசுல வெச்சிக்கல புள்ள. அந்தக் கொட்டை விசயத்த அன்னிக்கே மன்னிச்சுட்டேன்" என்றாள்.

திருடியவள் மன்னிக்கிறாளாம்! "எங்கம்மா வெச்ச தழையத் தூக்கி எறிஞ்சதே நீங்கதான். ஓடையிலிருந்து ஏறி வந்தப்ப எங்கண்ணால பாத்தேன்" என்று கத்தினேன். பெரியம்மா முகம் கறுத்துப்போனது. எழுந்து செருப்பைத் தேடினாள். முப்பது வருடம் தொண்டையில் கிடந்ததைத் துப்பிவிட்ட சந்தோஷத்தில் நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா பெரியம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றாள். "சாக்கக் கொட்டுனப்ப நீ எம்பக்கத்துலதானடி நின்ன?"