அக்கா தூங்கிய வெள்ளிக்கிழமை

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனையில், மூடிக்கிடக்கும் ரைஸ்மில் கேட்டுக்கு முன்னால் ஓர் அக்கா மீன் விற்கிறார். மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து லோடு ஆட்டோவில் வருவார். சங்கரா, கிழங்கான், கிடைத்தால் வவ்வால். வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும் என்பதால் அவர் கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

நான் ஓவியம் வரைகிறவள். கூடவே சின்னச் சின்ன வீடியோப் படங்களும் எடுப்பேன். அவற்றில் கதை இருக்காது. விழுப்புரம் ஜங்ஷனில் டீ ஆற்றுகிறவர், கண்டமங்கலம் பஸ்ஸில் நின்றபடியே தலை பின்னிக்கொள்ளும் பெண், மூன்றாவது விசிலுக்காகக் குக்கரையே பார்த்து நிற்கும் என் கணவர். இப்படித் தினமும் நடப்பதைத்தான் வரைவேன், எடுப்பேன்.

அக்காவை எடுக்கலாமா என்று கேட்டபோது, "எடுத்துக்க. குறுக்க மட்டும் நிக்காத, ஆளுங்க வந்துக்கினு இருப்பாங்க" என்றார். மாதக்கணக்கில் எடுத்தேன். கேமராவைத் தாழ்வாக வைத்து, அருவாமனையில் மீனை அரியும் அவருடைய கைகளை மட்டும் எடுத்தேன். செதில் தெறிப்பதும், செவுளைக் கிள்ளி எறியும் விரலும் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. பிறகு அந்தக் கைகளை ஆறடிக் கேன்வாஸில் வரைந்தேன்.

பாண்டிச்சேரியில் ஒரு சின்னக் கூடத்தில் கண்காட்சி வைத்தோம். அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். விற்று முடித்து, குளித்து, ஈரத்தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். செருப்பை வாசலில் கழற்றப் போனவரைத் தடுத்து உள்ளே அழைத்துப் போனேன்.

அந்த ஆறடி ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"என் கைதான். தோ பாரு, கெளுத்தி முள்ளு குத்துன தழும்பு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மூஞ்சி எங்கம்மா?" என்று கேட்டார்.

உழைப்பெல்லாம் கையில்தான் தெரிகிறது என்று ஏதோ விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சர்தான். ஆனா எங்க ஊரு ஆளுங்க பாத்தா, இது நான்னு எப்பிடித் தெரியும்?"

இத்தனை மாதத்தில் கேமராவை ஒருமுறைகூட அவர் முழங்கைக்கு மேலே உயர்த்தவில்லை. முகத்தை விட்டுவிட்டால் படம் அழகாக இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். அவரிடம் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

என் முகம் வாடியதைப் பார்த்து அவரே கையைப் பிடித்தார். "அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்க? வெள்ளிக்கெழம வீட்டாண்ட வா. அன்னிக்கு மீனு வாங்க மாட்டாங்க, நானும் வரமாட்டேன். நல்லா குளிச்சிட்டு உக்காந்துக்கினு இருப்பேன். அப்ப எடு."

போனேன். பச்சைப் பட்டுப்புடவை, முகத்தில் பவுடர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். டிவியில் ஏதோ சீரியல் அலறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி ஓடவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வாரம் முழுக்க விடியுமுன் எழுந்து படகுக்குக் காத்திருக்கிற உடம்பு. எழுப்ப மனம் வரவில்லை. கேமராவை அப்படியே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் பின்பக்கமாக வெளியே போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

நான் இல்லாத நேரத்தில் அந்த அறையில் நடந்தது, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அக்காவின் கணவர் வலைவேலை முடித்து உள்ளே வருகிறார். கேமரா ஓடுவதை அவர் கவனிக்கவில்லை. அக்காவைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார். டிவி சத்தத்தைக் குறைக்கிறார். டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அக்கா பக்கமாகத் திருப்பி வைக்கிறார். காற்றில் முந்தானை பறந்து முகத்தில் விழ, இரண்டு விரலால் மெதுவாக எடுத்து இடுப்பில் செருகிவிடுகிறார். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறார். பிறகு போய்விடுகிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். தான் தூங்கிப் போனதைப் பார்த்து அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார். கணவர் திரையில் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. ஃபேன் திரும்பியபோது முன்னால் குனிந்தார்.

"இந்த ஆளா?" என்றார். "எப்பவும் இப்பிடித்தான் பண்ணுதா? நான் தூங்கிட்டா எனக்கு இன்னா தெரியும்?"

கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டிவி ஒரே பேஜாரு. அதான் கொறைச்சேன்" என்றார்.

"அப்ப ஃபேனு?"

"படகாண்ட வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

"இன்னொரு தபா போடு" என்றார் அக்கா. நான்கு தடவை பார்த்தோம். நான்காவது தடவை அக்கா தன்னைப் பார்க்கவே இல்லை, கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அந்தத் தூக்கத்தை வரைய ஆரம்பித்தேன். இந்தமுறை முகத்திலிருந்து தொடங்கினேன். நெற்றிப்பொட்டு, பவுடர் திட்டு, லேசாகத் திறந்திருக்கும் வாய். பாதி வரைந்ததைச் செல்போனில் எடுத்து, ரைஸ்மில் கேட்டருகே மீன் விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் காட்டினேன்.

"வாய மூடி வரையக்கூடாதா?"

"மூடிடட்டுமாக்கா?"

சங்கராவைப் புரட்டிப் போட்டுக்கொண்டே யோசித்தார்.

"வேணாம், இருக்கட்டும். நல்லாத்தான் தூங்கிக்கினு இருக்கேன்."